கல்லறைச் சித்திரங்கள் யாருக்காக அழுதன?

"கல்லறையின் முன்னே கட்சி பேசலாகாது" என்பது பண்பாளர் சிலரின் கொள்கை. 19ஆம் நூற்றாண்டில் இலண்டன் வாரப் பத்திரிகைகள் வெளியிட்ட போர்க்களக் கல்லறைப் படங்களைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் இக்கொள்கை தவறாது எடுத்துரைக்கப்படுகின்றது. மாலை வானம், மொட்டைக் குன்று, குவித்த கற்களின்மேல் ஒரு சிலுவை, துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றித் தலை குனிந்து நிற்கும் ஒரு சிப்பாய். இதில் ஏகாதிபத்தியம் எங்கே இருக்கின்றது, சாவு எல்லார்க்கும் பொது அன்றோ, துயரத்திற்கும் நாடு உண்டோ என்று அவர்கள் நம்மை வினவுகின்றனர். பழைய தொகுதிகளைக் கிழித்துத் தாள் தாளாக வண்ணம் பூசிச் சட்டமிட்டு விற்கும் வணிகரும் இதனையே சொல்கின்றனர். அவர்கள் அவ்வாறு சொல்வதற்கான காரணம் வேறு. அதனைக் கணக்குப் புத்தகத்தில் காணலாம்.

சாவு பொதுவே. ஆனால் கல்லறை பொதுவன்று. கல்லறையைச் சித்திரமாக்கி நூறாயிரக் கணக்கான வீடுகளின் வரவேற்பறைக்கு அனுப்பும் வாய்ப்போ அதனினும் பொதுவன்று. ஒரு போரில் இரு தரப்பாரும் மாள்கின்றனர். ஒரு தரப்பாரின் பிணங்களுக்கு மட்டும் பெயரும் கல்லும் படமும் கிடைக்கின்றன. மறு தரப்பாருக்கு எண்ணிக்கை கிடைக்கின்றது, அதுவும் 'ஏறத்தாழ' என்ற அடைமொழியோடு. இந்த வேறுபாடு இயற்கையால் விளைந்ததா, எவரேனும் விளைவித்ததா? இதனைக் கேட்பதுதான் கட்சி பேசுவதென்றால், நாம் கட்சிதான் பேசுகின்றோம்.

முதலில் இப்படங்கள் எவ்வாறு பிறந்தன என்பதைப் பார்ப்போம். 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' என்ற வாரப் பத்திரிகை 1842ஆம் ஆண்டு மே 14இல் தோன்றியது. அதற்குப் போட்டியாக 'கிராபிக்' 1869 டிசம்பரில் வந்தது. போர் நடக்கும் இடங்களுக்கெல்லாம் இப்பத்திரிகைகள் ஓவியர்களை அனுப்பின. களத்தில் ஓவியர் பென்சிலால் விரைந்து கீறிய உருவரை, ஓரக் குறிப்புகளுடன் தபாற் கப்பலேறிப் பல வாரங்களின் பின் இலண்டன் சேரும். அங்கே காரியாலயத்து ஓவியர் அதனைத் திருத்தி, வலம் இடமாக, பெட்டிமரக் கட்டையின் வெட்டுமுகத்தில் வரைவார். பெரிய படமாயின் கட்டை ஒரே துண்டாக இராது. சிறு சிறு கட்டைகளைத் திருகாணியால் பிணைத்திருப்பார்கள். அவற்றைக் கழற்றி ஆளுக்கொன்றாகச் செதுக்குவோரிடம் கொடுத்துவிட, அவர்கள் இராமுழுதும் விளக்கடியிலிருந்து செதுக்குவர். விடியலில் துண்டுகள் மீண்டும் பொருத்தப்படும். இணைப்புத் தெரியாதபடி தலைமைச் செதுக்கர் கோடுகளைச் சேர்த்துவிடுவார். வானத்தைச் செதுக்கியவன் ஒருவன். சிலுவையைச் செதுக்கியவன் மற்றொருவன். இருவரும் ஆபிரிக்காவைக் கண்டதில்லை. கல்லறையின் முன் நின்று ஒரு தனி மனிதன் விட்ட கண்ணீர் என்று நம்மிடம் காட்டப்படும் படம், உண்மையில் தொழிற்சாலைப் பண்டம். எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் இடம் களத்திலன்று, காரியாலயத்தில் இருந்தது. வாங்குவோனின் மனநிலையை நன்கறிந்த காரியாலயம் அது.

இனி ஒரு போரை எடுத்துக் கொள்வோம். 1879ஆம் ஆண்டின் சூலுப் போர். அப்போரளவு கல்லறைச் சித்திரங்களை ஈன்ற குடியேற்றப் போர் வேறு அதிகமில்லை.

அந்தப் போரை யார் தொடங்கினர்? சூலு அரசன் செட்சுவாயோ எவர் மேலும் படையெடுக்கவில்லை. எல்லைத் தகராற்றை ஆராயப் பிரித்தானியர் தாமே அமைத்த ஆணைக்குழு 1878இல் சூலுக்களின் பக்கமே நியாயமிருப்பதாகக் கண்டது. தென்னாபிரிக்காவின் உயர் ஆணையாளராயிருந்த சேர் பார்ட்டில் பிரேயர் அம்முடிபைக் கையில் வைத்துக்கொண்டே, அதே ஆண்டு டிசம்பர் 11இல், எந்த அரசனாலும் ஏற்கமுடியாத ஓர் இறுதி எச்சரிக்கையை விடுத்தார். சூலு மக்களின் வாழ்க்கையமைப்போடு பிணைந்த படைமுறையைக் கலைத்துவிட வேண்டும் என்பது அதன் உயிர்நிலை. முப்பது நாள் கழிந்ததும் 1879 ஜனவரி 11இல் செம்ஸ்போர்ட் பிரபுவின் படை எல்லையாற்றைக் கடந்தது. கிம்பர்லியில் வைரம் கண்டெடுத்த பின்னர், தென்னாபிரிக்கா முழுவதையும் ஒரு கொடியின் கீழ்க் கொணர்ந்து, நிலத்தையும் கூலியாட்களையும் தடையின்றிப் பெற வேண்டியிருந்தது. தன் நிலத்தில் தன் மாட்டோடு வாழும் ஒரு சூலு, சுரங்கத்திற்கோ கரும்புத் தோட்டத்திற்கோ ஏன் வரவேண்டும்? வரமாட்டான்; ஆகவே அவனுடைய அரசு உடைபட வேண்டும். போரின் பொருளாதாரம் இதுவே.

ஜனவரி 22இல் இசாண்டில்வானாக் குன்றின் அடியில் பிரித்தானியப் பாசறை சூலுப் படையால் அழிக்கப்பட்டது. பிரித்தானியத் தரப்பில் 1,300 பேருக்கு மேல் மாண்டனர். சூலுக்களில் ஆயிரம் பேரோ அதற்கு மேலோ. பெப்ரவரி 11இல் செய்தி இலண்டனை எட்டியது. படையெடுத்துச் சென்றவன் அன்றிலிருந்து பறிகொடுத்தவனாக மாறினான். இந்த வேடமாற்றத்தில் கல்லறைச் சித்திரத்தின் பங்கு பெரிது. வழியிற் போனவனை அடித்தவன், அடிக்கும்போது தன் கை முறிந்ததைக் காட்டி ஊரைக் கூட்டி அழுதால், ஊரார் கையைத்தான் பார்ப்பார்கள்.

அந்தக் களத்தில் கிடந்த பிணங்களுக்கு உண்மையில் நேர்ந்ததென்ன? நான்கு மாதங்கள் அவை வெளியிலேயே கிடந்தன. மே 21இல் முதன்முதலாகப் பெரியதொரு குதிரைப்படை அங்கே சென்றது. சென்ற நோக்கம் அடக்கம் செய்வதன்று. அடுத்த படையெடுப்புக்குத் தேவைப்பட்ட மாட்டு வண்டிகளை மீட்பது. நாற்பது வண்டிகளளவில் மீட்கப்பட்டன. சிலர் அன்றே புதைக்கப்பட்டனர். ஆனால் பெருந்தொகையினரான 24ஆம் படைப்பிரிவினர், தம் தோழரே தம்மைப் புதைக்கட்டும் என்ற தளபதியின் விருப்பப்படி, மேலும் ஒரு மாதம் புல்லிற் கிடந்தனர். ஜூனில் அவர்களை ஆழமில்லாக் குழிகளில் மண் மூடி வைத்தனர். மழை அதனைக் கழுவியது. 1880இல் மீண்டும் புதைத்தனர். மீண்டும் எலும்புகள் வெளிப்பட்டன. 1883இல் ஒருவர் அனுப்பப்பட்டு, எலும்புகளைத் திரட்டி, குழிகளின்மேற் கற்குவியல்களை அமைத்தார். இன்று உல்லாசப் பிரயாணிகள் புகைப்படம் எடுக்கும் வெள்ளைக் கற்குவியல்கள் அவ்வாறு எழுந்தவை.

இந்நான்காண்டுக் கதையில் சாதாரணச் சிப்பாயின் கதி தெரிகின்றது. நாளொன்றுக்கு ஒரு சிலிங் சம்பளத்துக்காகப் பட்டாளத்தில் சேர்ந்த ஆங்கில, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டு ஏழைகள் அவர்கள். வறுமையே அவர்களுட் பலரைப் பட்டாளத்துக்குத் தள்ளியது. அவர்களை நாம் வெறுக்கவில்லை. பெயரின்றிக் கற்குவியலுக்குக் கீழ்க் கிடப்பவர்கள் அவர்களே. பத்திரிகைகளின் பக்கங்களை நிறைத்த கல்லறை அவர்களுடையதன்று. அது இரண்டு இளம் அதிகாரிகளுடைய கல்லறை: லெப்டினன்ட் மெல்வில், லெப்டினன்ட் கோக்ஹில். படைப்பிரிவின் கொடியைக் காக்கக் குதிரையேறி ஓடி, ஆற்றைக் கடந்து கரையில் மாண்டவர்கள். பெப்ரவரி 4இல் உடல்கள் கண்டெடுக்கப்பட்டுக் கற்களால் மூடப்பட்டன. அம்மாதம் முடியுமுன்னரே அங்கே ஒரு கற்சிலுவை நாட்டப்பட்டது. நாட்டுவித்தவர் யார் தெரியுமா? அந்தப் போரை மூட்டிய சேர் பார்ட்டில் பிரேயரே! குன்றின் அடியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிணங்கள் மழையில் நனைந்து கிடக்க, சில மைல்களுக்கப்பால் இரு அதிகாரிகளுக்குச் சிலுவை எழுந்தது, சிலுவை படமாயிற்று, படம் கடல் கடந்து வீடுதோறும் நுழைந்தது. ஆற்றிலிருந்து மீட்ட கொடிக்கு அடுத்த ஆண்டு விக்டோரியா மகாராணி தம் கையால் மலர் வளையம் சூட்டினார். துணிக்கு மாலை; சிப்பாய்க்கு நரி!

இசாண்டில்வானாவில் பிரித்தானியத் தரப்பில் மாண்டவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் ஆபிரிக்கர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நேட்டாலிற் சேர்க்கப்பட்ட சுதேசப் படையினர். ஏறத்தாழ 470 பேர். அதே கொடியின் கீழே, அதே நாளில், அதே ஈட்டியால் மாண்டவர்கள். அவர்களின் பெரும்பாலோரது பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. துயரம் நாடறியாதது என்று சொல்லும் நண்பர்கள் இந்த 470 பேரில் ஒருவனுடைய கல்லறையின் சித்திரத்தை நமக்குக் காட்டட்டும்.

சூலுக்கள் தம் இறந்தோரைக் களத்தினின்று இழுத்துச் சென்று, அண்மைக் குடியிருப்புகளின் தானியக் குழிகளிலும் நீரோடைப் பள்ளங்களிலும் இட்டு மூடினர். எதிரியின் உடலை அவர்கள் வயிற்றைக் கீறித் திறந்தனர். இலண்டன் ஏடுகள் இதனைக் காட்டுமிராண்டித்தனத்தின் உச்சமென்று பறையறைந்தன. சூலுக்களின் நம்பிக்கையில் அது ஒரு கடன்: கொன்றவன் கொல்லப்பட்டவனுடைய ஆவிக்கு வழி திறந்துவிட வேண்டும், தவறின் அத்தீட்டுக் கொன்றவனையே பற்றும். தம் பிணங்களையே நான்கு மாதம் புல்லில் விட்டவர்கள், எதிரியின் பிணத்துக்கும் கடன் உண்டென்று கருதியவர்களைக் காட்டுமிராண்டிகள் என்றனர். அச்சுக்கூடம் யார் கையில் இருந்ததோ அவன் சொல்லே நின்றது.

அன்றிரவு றோக்ஸ் டிரிப்ட் என்ற இடத்தில் நடந்த சண்டையும் அவ்வாறே. பிரித்தானியரில் 17 பேர் மாண்டனர். தற்காத்தவர்களுள் 11 பேருக்கு விக்டோரியாச் சிலுவை கிடைத்தது. டி நூவில் ஒரு பேரோவியம் தீட்டினார். பட்லர் சீமாட்டி மற்றொன்று தீட்டினார். சிறிய இடுகாடும் அதன் நினைவுத் தூணும் படங்களிலும் இடம்பெற்றன. மறுநாட் காலையில் அங்கே 350 அளவான சூலுப் பிணங்கள் பெருங்குழிகளில் ஒருசேரத் தள்ளப்பட்டன; எழ முடியாது கிடந்த காயக்காரரும் கொல்லப்பட்டனர். இந்தக் குழிகளின்மேல் எந்தச் செதுக்கனின் உளியும் மாலை வானத்தை விரிக்கவில்லை.

அவ்வாண்டின் கல்லறைச் சித்திரங்களுக்கெல்லாம் முடிமணி, பிரெஞ்சு இளவரசனுடையது. மூன்றாம் நெப்போலியனின் மகன்; அரசிழந்து இங்கிலாந்தில் அடைக்கலமிருந்தவன்; பொழுதுபோகாமற் போருக்கு வந்தவன் என்றாலும் பிழையில்லை. ஜூன் 1இல் ஒரு சிறு உளவுக் குழுவோடு சென்றபோது கொல்லப்பட்டான். அவன் உடல் கப்பலேறி இங்கிலாந்து சென்றது. அவன் வீழ்ந்த இடத்தில் மகாராணியின் பெயரால் ஒரு சிலுவை எழுந்தது. தாய் யூஜீனி அடுத்த ஆண்டே அங்கு வந்து இரவு முழுதும் விழித்திருந்தாள். ஒரு தாயின் துயரை நாம் எள்ளவில்லை. ஆனால் அன்று அவனோடு ஆங்கிலச் சிப்பாய்கள் இருவர் மாண்டனர்; வழிகாட்டியாய் வந்த சூலு ஒருவனும் மாண்டான். சிப்பாய்களின் பெயரேனும் ஏட்டில் நிற்கின்றது. வழிகாட்டியின் பெயர் நம்மை எட்டவில்லை. அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். அவள் எங்கே விழித்திருந்தாளோ!

இதெல்லாம் எங்கோ தென்னாபிரிக்காவில் நடந்தது, நமக்கென்ன என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு இரண்டு செய்திகள்.

இசாண்டில்வானாத் தோல்விக்குப் பின் செம்ஸ்போர்டுக்கு உதவியாக விரைந்து அனுப்பப்பட்ட படைகளுள் ஒன்று இலங்கையிலிருந்தே சென்றது. 57ஆம் படைப்பிரிவு, 1879 மார்ச்சில் 'தமார்' என்ற கப்பலில் டர்பனிற் சென்றிறங்கியது. ஏப்ரல் 2இல் கிங்கிண்ட்லோவு என்னும் இடத்தில் அது பீரங்கிகளோடும் கட்லிங் சுழல் துப்பாக்கிகளோடும் சதுர வியூகத்தில் நின்று போரிட்டது. பிரித்தானியத் தரப்பில் இறந்தவர்கள் இருபதை எட்டவில்லை. சூலுக்களில் ஆயிரவர் அளவில் வீழ்ந்தனர். இதே 57ஆம் பிரிவு 1860களில் நியூசிலாந்தின் தரநாக்கியில் மவோரி மக்களின் நிலத்துக்காக மவோரிகளோடு போரிட்டு, அங்கும் கல்லறைகளை விட்டு வந்த பிரிவு. காலையில் ஒரு நாடு, மாலையில் ஒரு நாடு. நம் தீவு அவர்களுக்கு இடையில் இளைப்பாறும் திண்ணையாயிருந்தது.

இரண்டாவது செய்தி இன்னும் நெருங்கியது. 1860 நவம்பர் 16இல் 'துரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனைச் சேர்ந்தது. அதில் வந்த 342 பேரும் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தக் கூலிகளாகச் சேர்க்கப்பட்டவர்கள். தமிழரும் தெலுங்கரும் அவர்களுட் பெரும்பாலர். 1911ஆம் ஆண்டுக்குள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர். சூலு ஏன் தோட்டத்துக்கு வரவில்லையோ, அதே காரணத்தால் நம்மவன் அங்கே இறக்கப்பட்டான். போர் முடிந்ததும் சூலுநாடு 13 சிற்றரசுகளாகத் துண்டாடப்பட்டு, உள்நாட்டுச் சண்டையில் நலிந்து, 1887இல் இணைத்துக் கொள்ளப்பட்டது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கடலோர நிலம் வெள்ளைக்காரக் கரும்புப் பயிர்ச்செய்கைக்குத் திறந்துவிடப்பட்டது. கிங்கிண்ட்லோவுக் களத்தைச் சுற்றி இன்று கரும்பு வயல்கள். நமது மலைநாட்டின் கோப்பிக் காட்டிலும் தேயிலைக் காட்டிலும் புதையுண்டவர்களுக்குக் கல்லில்லாததுபோல, நேட்டாலின் கரும்புக் காட்டில் மாண்டவர்களுக்கும் கல்லில்லை. உழைத்து மாண்டவனின் கல்லறையை எந்த வாரப் பத்திரிகை அச்சிடும்?

கல்லறைச் சித்திரம் துயரம் மட்டும் விற்கவில்லை, பழியும் விற்றது. அதற்குக் கான்பூரே சான்று. 1857 ஜூலை 15இல் பீபிகர் என்ற இல்லத்தில் சிறைவைக்கப்பட்டிருந்த ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ இருநூறு பேர் கொல்லப்பட்டுக் கிணற்றில் வீசப்பட்டனர். அது கொடுஞ்செயல், அதனை எக்காரணங் கொண்டும் நாம் மறைக்கப் போவதில்லை. அக்கிணறு எத்தனை முறை வரையப்பட்டது, செதுக்கப்பட்டது, பின்னர் புகைப்படமாக எடுக்கப்பட்டது! கிணற்றின்மேல் மரொச்செட்டி என்ற சிற்பியின் பளிங்குத் தேவதை நின்றாள், சுற்றிலும் பூங்கா, இந்தியன் அனுமதிச் சீட்டின்றி உள்ளே நுழைய முடியாது. ஆனால் கிணற்றுக்கு முந்திய மாதம் நிகழ்ந்ததைச் செதுக்கியவர் யார்? சென்னைப் படையின் நீல் என்பவன் காசியிலும் அலகாபாத்திலும் வழிநெடுக ஆட்களைத் தூக்கிலிட்டதும், ஊர்களை எரித்ததும் ஜூன் மாதத்திலேயே. அந்த மரங்களில் தொங்கியவர்களுக்குத் தேவதையும் இல்லை, பூங்காவும் இல்லை. நீலுக்கோ சென்னை மவுண்ட் வீதியிற் சிலை நிறுத்தினார்கள். 1927இல் தமிழகத்து இளைஞர் அச்சிலையை அகற்றக் கோரிச் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றனர். 1937இல் இராஜாஜியின் அமைச்சரவை அதனைப் பொருட்காட்சிச் சாலைக்குள் அனுப்பியது. சிலைக்குக் கட்சி உண்டு என்பதை அந்த இளைஞர்கள் உணர்ந்தார்கள். கல்லறைப் படத்துக்குக் கட்சியில்லை என்று நமக்கு இன்றும் போதிக்கின்றார்கள்.

வென்றவன் கல்லறையை எவ்வாறு மதிக்கின்றான் என்பதை அறிய, அவன் தன்னுடைய கல்லறைக்குச் செய்யும் மரியாதையைப் பார்க்கக்கூடாது. எதிரியின் கல்லறைக்குச் செய்வதைப் பார்க்க வேண்டும். 1898 செப்டம்பர் 2இல் சூடானின் ஒம்துர்மானில் கிச்சினரின் இயந்திரத் துப்பாக்கிகள் ஒரு காலைப் பொழுதில் பதினாயிரம் பேரைக் கொன்றன. கிச்சினர் தரப்பில் இறந்தவர் ஐம்பதளவினர். இரண்டு நாட் கழித்துக் கார்ட்டூமின் இடிந்த மாளிகை முன்னே, 1885இல் அங்கே கொல்லப்பட்டுக் கல்லறையே இல்லாது போன ஜெனரல் கோர்டனுக்கு நினைவு வழிபாடு நடந்தது. கிச்சினர் கண்ணீர் விட்டாராம். பத்திரிகைகள் அதனைப் பக்கம் பக்கமாகப் படமாக்கின. மரச்செதுக்கின் இடத்தை அப்பொழுது புகைப்படம் பெரும்பாலும் பிடித்துவிட்டது, எனினும் நடை மாறவில்லை. கண்ணீர் காயுமுன் அதே கிச்சினரின் ஆணைப்படி மஹ்தியின் சமாதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது; பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்தவனுடைய எலும்புகள் நைல் நதியில் எறியப்பட்டன; மண்டையோட்டைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டனர். அப்பணியை நிறைவேற்றியவன் கோர்டனுடைய உறவினன். மகாராணியே முகஞ்சுளித்த பின்னர்தான் அந்த மண்டையோடு இரகசியமாகப் புதைக்கப்பட்டது. கிச்சினருக்குப் பிரபுப் பட்டமும் அடுத்த ஆண்டிற் பாராளுமன்றம் வழங்கிய 30,000 பவுணும் கிடைத்தன. எதிர்த்துப் பேசியவர்களும் அம்மன்றத்தில் இருந்தனர் என்பதைச் சொல்லாதுவிடின் நாமும் பாதிப் படம் வரைந்தவராவோம். ஆனால் அவர்கள் சிறுபான்மையினர். போரை நேரிற் கண்ட இளம் சேர்ச்சிலும் தம் நூலில் இச்செயலைக் கண்டித்தார். அவரையுங்கூட இடதுசாரி என்று எவரும் சொல்லமாட்டார்.

யாருடைய கல்லறை நிற்கலாம், யாருடையது உழப்பட வேண்டும் என்பதை வென்றவன் தீர்மானிக்கும் நிலத்தில் வாழ்பவர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இனிக் 'கலை' என்ற கேடயத்தோடு வருவோருக்கு ஒரு வார்த்தை. இச்செதுக்குப் படங்களின் தொழில்நேர்த்தியை நாம் மறுக்கவில்லை. கறுப்புக் கோட்டினால் மட்டும் மூடுபனியையும் கல்லையும் வேறு பிரித்துக் காட்டிய கைகள் வணங்கத்தக்கவை. வின்சன்ட் வான்கோ இந்த ஏடுகளின் படங்களை ஆயிரத்துக்கு மேல் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் அவர் உள்ளம் எவற்றில் ஊன்றியது? சுரங்கத் தொழிலாளர், முதியோர் விடுதி, தெருவில் உறங்கும் ஏழை ஆகிய படங்களில். 'கிராபிக்'கின் முதலிதழிலேயே லூக் பில்ட்ஸ் என்னும் ஓவியர், குளிர் இரவில் தங்குமிடச் சீட்டுக்காகக் காத்து நிற்கும் வீடற்றோரின் வரிசையை வரைந்திருந்தார். அதே பத்திரிகை, அதே கட்டை, அதே உளி. உண்மையைச் செதுக்கவும் அக்கருவி வல்லதாகவே இருந்தது. இலண்டன் ஏழையைப் பார்க்கத் தெரிந்த கண், சூலுவின் பிணத்தைப் பார்க்க மறுத்தது. ஆதலின், அக்காலத்து ஓவியர்களுக்கு அவ்வளவுதான் இயலும் என்ற சமாதானம் செல்லாது.

நம் முன்னோரும் நடுகல் நாட்டவில்லையா என்று தமிழறிந்த நண்பர் சிலர் கேட்கக்கூடும். நாட்டினர். ஆநிரை கவரப் போய் மாண்டவனுக்கும் கல் நட்டனர், கவர்ந்ததை மீட்டு மாண்டவனுக்கும் நட்டனர். வெட்சிக்கும் கரந்தைக்கும் திணை வகுத்த மரபு அது. தாக்கியவனை மட்டும் பாடி மற்றவனை விடவில்லை. அவ்வளவில் அது இலண்டன் ஏடுகளைக் காட்டிலும் நேர்மையுடையது. அம்மரபைப் பொற்காலமாக்கிப் புகழ்வதும் நம் நோக்கமன்று.

அப்படியாயின் இப்படங்களை எரித்துவிடலாமா? கூடாது. அவற்றை வகுப்பறைக்குக் கொண்டு வரவேண்டும் என்பதே நம் கட்சி. மாணவர் முன் படத்தை வைத்து மூன்று வினாக்கள் கேட்போம்: இந்த நிலம் யாருடையது? இங்கே இருப்பவன் எதற்காக வந்தான்? இதே மண்ணில் இதே நாளில் மாண்டு, இப்படத்தில் இல்லாதவர் யார்? பன்னிரண்டு வயதுப் பிள்ளை மூன்றாவது வினாவுக்கு விடை தேடத் தொடங்கினால், படத்தின் வெறுமையான புல்வெளி நிரம்பத் தொடங்கும். அங்கே மரமும் புல்லும் வானமுமாக இவ்வளவு இடம் ஏன் வெறுமையாய் விடப்பட்டது என்பதையும் அப்பிள்ளை கேட்கும். குடியானவனும் மாடும் வீடுமில்லா நிலமாகக் காட்டினால்தானே அதனை அளந்து எடுத்துக்கொள்ளலாம்? சிலுவையை நட்டவன் எல்லைக் கல்லையும் உடன் நட்டுவிட்டான். 'நம் மைந்தர் துயிலும் மண்' என்று ஒரு நிலத்தைச் சொல்லப் பழகியவன், அது பிறர் மண் என்பதை மெல்ல மறந்துவிடுவான்.

பரீட்சைக்கு வராத பாடம் என்று இதனை ஒதுக்கும் ஆசிரிய நண்பர்களும் இருக்கின்றார்கள். அவர்களே போர்களின் ஆண்டுகளை மட்டும் மனனஞ் செய்வித்து, படங்களைப் பக்கம் நிரப்பும் அலங்காரமாக விட்டுவிடுகின்றனர். எழுத்தை ஐயுறப் பழக்கி, படத்தை நம்ப விடுவது அரைக் கல்வி.

செட்சுவாயோ 1884 பெப்ரவரி 8இல் இறந்தான். நாடு கடத்தப்பட்டு, இலண்டன் சென்று மகாராணியைக் கண்டு, துண்டாடப்பட்ட நாட்டின் ஒரு துண்டுக்குத் திரும்பி அனுப்பப்பட்டு, உள்நாட்டுப் போரிற் புண்பட்டு ஓடி ஒதுங்கிய நிலையில் இறந்தான். அவன் உடலை மாட்டு வண்டியில் ஏற்றி இன்கண்ட்லாக் காட்டருகே கொண்டுபோய்ப் புதைத்து, அந்த வண்டியையும் அவ்விடத்திலேயே விட்டனர். இசாண்டில்வானாவில் வீழ்ந்த சூலு வீரர்களுக்குக் களத்தில் முதல் நினைவுச் சின்னம் 1999 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. வீரன் கழுத்தில் அணியும் மணிமாலையின் வடிவில், வெண்கலத்தால் ஆனது. போருக்கும் அதற்கும் இடையில் சரியாக 120 ஆண்டுகள். மெல்வில், கோக்ஹில் இருவருடைய சிலுவைக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை.